டாக்டர் பார்க்காத நேரங்கள்: ஏ.டி.எச்.டி. உள்ள மகனை மலையில் வளர்த்த அனுபவம்

ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறான், வகுப்பில் எப்படி இருக்கிறான் என்பதை உடன் இருப்பவர்கள் சொல்லக் கேட்டு, அதை வரையறுக்கப்பட்ட அறிகுறிகளோடு ஒப்பிட்டு, அதே மாதிரி நடத்தையை உண்டாக்கக்கூடிய வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் மருத்துவர் ஒரு முடிவுக்கு வருகிறார். நாம் கொண்டுபோகும் தகவல் அரைகுறையாக இருந்தால் அவர் எடுக்கும் முடிவும் அரைகுறையாகத்தான் இருக்க முடியும். குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க மலையிறங்கிப் போகவேண்டியிருக்கும் எங்கள் பகுதிப் பெற்றோர் இதை இன்னும் அழுத்தமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் நம் பிள்ளையைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை, அதுவும் அரைமணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாமும் அவனுடைய ஆசிரியர்களும்தான்.

நான் கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது உறுதியானது, இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் அறிந்துகொண்டவற்றை, இந்தச் சந்தேகத்தோடு இப்போது தூக்கமில்லாமல் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். அவன் இதைப் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன்.

சின்ன வயதில் அவனிடம் நாங்கள் கண்டவை தனித்தனியாகப் பார்த்தால் எல்லாக் குழந்தைகளிடமும் இருப்பவைதான். ஜூன் மாத மழைக்குப் போட்டுவிட்ட ஸ்வெட்டர் மாலையில் திரும்பி வராது. குல்லா, குடை, டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றுக்கும் அதே கதி. கணக்கு நோட்டில் முதல் இரண்டு கழித்தல் கணக்கும் சரியாக இருக்கும், மூன்றாவதில் பாதியைக் கழித்திருப்பான், மீதியைக் கூட்டியிருப்பான், நான்காவதுக்கு எண்களை மட்டும் எழுதிவிட்டு ஓரத்தில் லாரி வரைந்திருப்பான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகாமல் அவனால் இருக்க முடியாது. எங்களை உண்மையில் பயமுறுத்தியது அவன் யோசிக்காமல் ஓடுவதுதான். எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவு. விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் அங்கே காட்டெருமைகள் மேயும், சில நாட்களில் கரடியும் வரும். இந்த மலையில் பிறந்த பிள்ளைகள் நான்கு வயதிலேயே நின்று, பார்த்து, பிறகு இறங்கக் கற்றுக்கொள்வார்கள். அவன் எட்டு வயதிலும் பந்தைத் துரத்திக்கொண்டு நேராகச் சரிவுக்குள் இறங்கினான்.

மாமியார் எனக்கு ஆறுதல் சொல்வார்: "விடும்மா, இவன் அப்பன் இதைவிட மோசம். அவன் இன்னைக்கு நல்லாத்தானே இருக்கான்?" பின்னாளில் மருத்துவர் குடும்ப விவரம் கேட்டபோது இதே வாக்கியத்தை அவரிடம் சொன்னேன், அவர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். ஏ.டி.எச்.டி. பெருமளவு பரம்பரையாக வருவது. இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் மரபுவழிப் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை மதிப்பிடுகின்றன. தாய் செல்லம் கொடுத்ததாலோ, தந்தை கண்டிக்காததாலோ, சாக்லேட் தின்றதாலோ இது வருவதில்லை. சர்க்கரைக்கும் துறுதுறுப்புக்கும் தொடர்பில்லை என்பதைக் கட்டுப்பாட்டுடன் நடத்திய ஆய்வுகளே காட்டிவிட்டன. வீட்டுப் பெரியவர்களிடம் இதை முதலிலேயே பொறுமையாக எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. குற்றம் யாருடையது என்ற பேச்சு ஓய்ந்தால்தான் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியும்.

மருத்துவர்கள் கையாளும் அளவுகோலைப் பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேட்டின் வரையறையில் கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளும், மிகையியக்கம் மற்றும் அவசரத்தன்மைக்கு ஒன்பது அறிகுறிகளும் உள்ளன. இரண்டில் ஏதாவதொரு பிரிவிலாவது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர்களுக்கு ஐந்து போதும். அவை ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும், படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையாகவே பாதிக்க வேண்டும். இவற்றில் இரண்டு இடங்கள் என்ற நிபந்தனை மிக முக்கியமானது என்பது என் எண்ணம். பள்ளியில் மட்டும் சிக்கல் என்றால் வாசிப்பதில் சிரமம் இருக்கலாம், யாராவது மிரட்டிக்கொண்டிருக்கலாம்; வீட்டில் மட்டும் என்றால் வீட்டுக்குள் நடப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மலைப்பாதையின் பங்கையும் சொல்ல வேண்டும். கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் எங்கள் மகன் வாந்தி எடுக்காமல் வந்ததே இல்லை. அதனால் முதல் தடவை புறப்படுவதற்கு முன் வாந்தி மாத்திரை கொடுத்திருந்தோம். அந்த வகை மாத்திரைகள் பல மணி நேரம் தூக்கக் கலக்கத்தைத் தருபவை. கோயம்புத்தூரில் மருத்துவர் அறைக்குள் அவன் நாற்காலியில் சாய்ந்து, கேட்டதற்கு அடக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து பார்த்தவர்கள் இவ்வளவு அமைதியான பிள்ளையை ஏன் அழைத்து வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மாத்திரை கொடுத்த விவரத்தை உள்ளே போனதுமே சொல்லிவிட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாத்திரை இல்லாவிட்டாலும் புதிய இடத்தில், ஒரே ஒருவர் முழுக் கவனத்தோடு பேசும்போது, இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் அடங்கித்தான் இருப்பார்கள் என்றும், அந்த அறையில் தான் பார்ப்பதை மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன் என்றும் அவர் சொன்னார். அதன் பிறகு நாங்கள் முந்தின நாள் மாலையே இறங்கி உறவினர் வீட்டில் தங்கிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டோம். அப்படித் தங்க வசதி இல்லாதவர்கள் முன் இருக்கையில் உட்காரவைத்து, வயிறு நிறையக் கொடுக்காமல் கூட்டிச் செல்லலாம். மாத்திரை கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மே மாத சீசனில் சாலை நெரிசலில் நின்று நின்று போவதால் அந்த மாதத்தில் நாள் குறிக்காமல் இருப்பது உத்தமம்.

அந்தச் சந்திப்பில் மருத்துவருக்கு உண்மையில் உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. "சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை", "எப்போதும் ஒரே சேட்டை" என்று சொல்வதில் ஒருவருக்கும் பயனில்லை; எந்தத் தாயும் ஏதாவதொரு நாள் அப்படிச் சொல்வாள். நேரம், நாம் கேட்டது, நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுத வேண்டும். என் நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன்: "மாலை 6.10. கணக்கு, ஐந்து. நான் பக்கத்தில் இல்லை. இரண்டு முடித்தான். பென்சில் சீவ எழுந்தான். ஜன்னலில் மழை பார்த்தான். பூனைக்குப் பால் ஊற்றினான். பென்சில் கையிலேயே இருக்கிறது. 6.40க்குக் கூப்பிட்டேன், கணக்கு போடுவதாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்தேன். மீதி மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தது." கணக்கு அவனுக்குத் தெரியும், யாராவது அருகில் இருந்தால் முடிக்கிறான், தனியாக விட்டால் பாதியில் நழுவிவிடுகிறான் என்ற மூன்றும் இந்தச் சில வரிகளிலேயே மருத்துவருக்குக் கிடைத்துவிட்டன. நல்ல நேரங்களையும் எழுத வேண்டும். காந்தி மைதானத்தில் பொழுது சாயும்வரை கால்பந்து ஆடுகிறவனுக்குக் கவனக்குறைவு எப்படி இருக்கும் என்று கணவர் கேட்டார். விருப்பமுள்ள, உடனுக்குடன் பலன் தெரிகிற வேலையில் இந்தக் குழந்தைகள் ஆழ்ந்துபோவார்கள். சலிப்பான வேலையில் கவனத்தை வேண்டியபடி நிறுத்திவைக்க முடியாமல் போவதுதான் குறை என்று மருத்துவர் விளக்கினார். கைபேசியிலும் விளையாட்டிலும் மூழ்கியிருப்பதைக் காட்டி "இவனுக்கெல்லாம் ஒன்றும் இல்லை" என்று தீர்ப்புச் சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

பள்ளியிலிருந்து வரும் தகவல் வீட்டுத் தகவலுக்குச் சமமான எடை உள்ளது. எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் கேட்டறியும் வாண்டர்பில்ட் வினாப்படிவம். பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43 கேள்விகள், அறிகுறிகள் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியரிடம் இதை நீட்டும்போது, பிள்ளையின் மேல் புகார் கேட்பதாக அவர் நினைத்துவிடாதபடி நேரில் உட்கார்ந்து விளக்குவது அவசியம். கல்வியாண்டு தொடங்கியதும் கொடுக்கக் கூடாது. அவர் குழந்தையைச் சில மாதங்களாவது பார்த்திருக்க வேண்டும். எங்கள் மகனின் வகுப்பாசிரியை படிவத்தின் ஓரத்தில் தன் கையால் எழுதியிருந்தார்: "கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறான். பதில் பெரும்பாலும் சரி. ஆனால் அது நான் கேட்கவந்த கேள்விக்கான பதிலாக இருப்பதில்லை." படிவத்தின் மதிப்பெண்ணைவிட இந்த மூன்று வாக்கியங்களில்தான் மருத்துவர் அதிக நேரம் நின்றார்.

இதற்கு முன்பு அவன் படித்த ஒரு பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு போகும்படி சொன்னார்கள். அந்த நிலையில் இருக்கும் பெற்றோர் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் அதே சட்டத்தில் தடைசெய்யப்பட்டவை. நாங்கள் வேறு காரணங்களால் பள்ளியை மாற்றினோம். ஆனால், போகச் சொன்னதும் போய்விட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

வேறு காரணங்களை விலக்குவது என்பதைப் பலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். உண்மையில் இங்கேதான் நிறையக் குழந்தைகள் தவறான பாதையில் போகாமல் தப்பிக்கிறார்கள். காது, கண் சோதனை முதலில். எங்கள் குளிரில் ஆண்டில் பாதி நாள் மூக்கடைப்போடு இருக்கும் குழந்தைகள் உண்டு. தொண்டையில் உள்ள டான்சிலும் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டும் வீங்கி, இரவில் குறட்டைவிட்டு, மூச்சுத் திணறித் தூக்கம் கெட்டால், பகலில் அந்தக் குழந்தை ஏ.டி.எச்.டி. குழந்தையைப் போலவே நடந்துகொள்ளும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் பார்க்கப்பட வேண்டியவை. வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் தொடரும் குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். பகற்கனவு காணும் பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பும், அந்த வலிப்பில் தொட்டாலும் திரும்பாது. அப்படிச் சந்தேகம் வந்தால் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாக மாறும் பரம்பரை நோயான அரிவாள் அணு சோகை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக 1952இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அந்நோய் முழுமையாக உள்ள குழந்தைகளுக்கு வெளியே தெரியாத சிறு பக்கவாதங்கள் மூளையில் ஏற்பட்டு, அதனாலும் கவனம் சிதறலாம்.

இவற்றைத் தவிர, வாசிப்பிலும் எழுத்திலும் தனிக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்ற சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது. ஏ.டி.எச்.டி.யோடு அது சேர்ந்து வருவது சாதாரணம். மாத்திரையால் கவனம் சரியானாலும் வாசிப்புச் சிக்கல் அப்படியே இருக்கும். தேர்வுச் சலுகைகளுக்கும் இது தேவைப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளில் தனிக் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. மூளையைப் படமெடுத்துக் கவனக்குறைவைக் காட்டுவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்ட ஒரு தனியார் மையத்தையும் நாங்கள் பார்த்தோம். அந்தப் பணத்தைக் கற்றல் சோதனைக்குச் செலவிடுங்கள்.

சிகிச்சை பற்றி வருவோம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். ஆறு வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் பள்ளியின் ஒத்துழைப்பும் சேர்ந்து நடக்க வேண்டும். அமெரிக்காவில் 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகளை வைத்து 14 மாதங்கள் நடந்து, 1999இல் வெளியான, சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. ஆய்வை மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். அதில் ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் பார்த்து, ஆசிரியரிடம் கேட்டு, அளவைச் சரிசெய்து மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் தங்கள் ஊர் மருத்துவரிடம் வழக்கம்போல் போனார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டார்கள். ஆனாலும் முதல் பிரிவுக் குழந்தைகளே நன்றாகத் தேறினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பிரிவுகளுக்கு இடையே அந்த வேறுபாடு மறைந்துபோயிருந்தது. ஒரு காலகட்டத்தில் நன்றாகக் கவனித்துவிட்டால் வாழ்நாளுக்கும் போதும் என்று இருக்க முடியாது, பிள்ளை வளர வளரப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாங்கள் இதைப் புரிந்துகொண்டோம்.

எங்கள் மகனுக்குக் கொடுக்கப்பட்டது மெத்தில்பெனிடேட் என்ற மருந்து. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உயரம், எடை ஆகியவற்றைக் குறித்து, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இதயக் கோளாறால் இறந்ததுண்டா என்று விசாரித்த பிறகே, மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலைசெய்யத் தொடங்கி, நான்கு மணி நேர அளவில் அடங்கிவிடும். இதை வகுப்பாசிரியையிடம் சொன்னபோது, பாடவேளை வாரியாகக் குறித்துத் தருவதாக அவரே முன்வந்தார். காலை எட்டு மணிக்கு மாத்திரை. முதல் மூன்று பாடவேளைகளுக்கு எதிரே "இருக்கையில் இருந்தான், எழுதி முடித்தான்" என்றும், மதியத்துக்குப் பிந்தைய பாடவேளைகளில் "பழையபடி" என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் நீண்ட நேரம் வேலைசெய்யும் மாத்திரைக்கு மாற்றினார்கள்.

பக்கவிளைவுகளில் எங்களைப் படுத்தியது பசியின்மை. மதிய டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்த அடையாளமே இல்லாமல் திரும்பி வந்தது. பிறகு உணவின் நேரத்தை மாற்றினோம். மாத்திரைக்கு முன்பே வயிறாரக் காலை உணவு, முட்டையோடு. மதியம் கட்டாயப்படுத்துவதில்லை. மாலை ஐந்து மணிவாக்கில் மருந்தின் வேகம் குறையும்போது பசி அள்ளிக்கொண்டு வரும். அப்போது பாலும் வர்க்கியும் வேர்க்கடலையும் தயாராக இருக்க வேண்டும். அதே நேரத்தில்தான் அவன் எரிச்சலும் அழுகையுமாக இருப்பான் என்பதால் அந்த அரைமணி நேரத்தில் வீட்டுப்பாடம் பற்றி யாரும் பேசுவதில்லை என்று வீட்டில் முடிவுசெய்தோம். தூக்கம் தள்ளிப்போனது, மாத்திரையைச் சற்று முன்கூட்டிக் கொடுத்ததில் சரியானது. உயரமும் எடையும் ஒவ்வொரு தடவையும் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றனவா என்பதைப் பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த மருந்து எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. அது எக்ஸ் அட்டவணை மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் விற்கலாம், மருந்துச்சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எழுதிய அளவுக்கு மேல் ஒரு மாத்திரைகூடக் கேட்டு வாங்க முடியாது. நாங்கள் சமவெளியில்தான் வாங்குகிறோம். பெருமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் ஊரில் இருந்துகொண்டு, கடைசி மாத்திரை வரை காத்திருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே அடுத்த சீட்டுக்கு நாள் கேட்டுவிடுவோம். எல்லோருக்கும் இதே மருந்துதான் என்றில்லை. அட்டாமாக்ஸிட்டின் என்ற மாற்று மருந்து தினமும் விடாமல் சாப்பிட வேண்டியது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், மனநிலையில் மாற்றம் தெரிகிறதா என்று தொடக்கத்தில் கூர்ந்து பார்க்க வேண்டும். எது பொருத்தம் என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். சொந்தக்காரர் பிள்ளைக்குக் கேட்ட மருந்து நம் பிள்ளைக்கும் கேட்கும் என்று எண்ணக் கூடாது.

மருந்து கவனத்துக்கு இடம் உண்டாக்கும். அந்த இடத்தில் பழக்கத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சொல் என்பதைக் கடைப்பிடித்தோம். "பையை எடு, ஷூ போடு, குடையை மறக்காதே" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தால் அவனுக்குக் கடைசிச் சொல்தான் நிற்கும். அருகில் போய், பெயர் சொல்லி, அவன் முகம் திரும்பிய பிறகு ஒன்றைச் சொல்லி, அது முடிந்ததும் உடனே பாராட்டி, பிறகு அடுத்தது. வாசல் கதவின் உட்புறம் ஸ்வெட்டர், குடை, டிபன் பாக்ஸ், நோட்டு ஆகியவற்றின் படங்களை அவனே வரைந்து ஒட்டினான். நான்கையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்பதால் வீட்டுப்பாடத்தை வெளிச்சம் இருக்கும்போதே, பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக, இடையில் மாடிப்படி ஏறி இறங்கி முடிப்பான். தண்டனைகளைக் குறைத்தோம். நடந்து அரைமணி நேரம் கழித்துக் கொடுக்கும் தண்டனைக்கும் நடந்ததற்கும் உள்ள தொடர்பு இந்தக் குழந்தைகளுக்குப் பிடிபடுவதில்லை.

என் அக்கா மகளின் கதை வேறு விதம். கூடலூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்வரை அவளிடம் யாரும் எந்தக் குறையையும் கண்டதில்லை. அவள் ஓடவில்லை, குறுக்கே பேசவில்லை, ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். மதிப்பெண் சரிந்தபோது கைபேசிதான் காரணம் என்றார்கள். கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகை பெண் குழந்தைகளிடம் இப்படித்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 12 வயதுக்கு முன்பே இருந்ததா என்று மருத்துவர் கேட்டபோது, அக்கா பரணிலிருந்து பழைய ரேங்க் கார்டுகளை இறக்கினாள். இரண்டாம் வகுப்பு முதல் ஒவ்வொரு ஆசிரியரும் "கவனம் தேவை", "வேலையை முடிப்பதில்லை", "திறமை உண்டு, ஈடுபாடு போதாது" என்று வெவ்வேறு கையெழுத்தில் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். அப்போது அவள் கையில் கைபேசியே கிடையாது. பழைய ரேங்க் கார்டுகளையும் நோட்டுகளையும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வளரிளம் பருவத்தில் ஓட்டம் குறைந்து, உள்ளுக்குள் ஓர் அமைதியின்மையாக அது மாறுகிறது. மறதியும் தள்ளிப்போடுவதும் அப்படியே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் மகன் மாத்திரை வேண்டாம் என்றான். "அதைப் போட்டா நான் நானா இல்லம்மா. பசங்களோட சிரிக்கக்கூட வரலை." அவன் சொன்னதை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோனோம். பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்படலாம் என்று அவர் அளவைக் குறைத்தார். தேர்வு இல்லாத ஒரு காலகட்டத்தில், மருத்துவர் சொன்னபடி, மருந்து இல்லாமலும் இருந்து பார்த்தான். அந்த நாட்களில் நோட்டை எழுதியது நானில்லை, அவன்தான். எந்தப் பாடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது, யாரிடம் சண்டை வந்தது, எதைத் தொலைத்தான் என்று நேர்மையாக எழுதினான். பள்ளி நாட்களில் குறைந்த அளவு போதும் என்ற முடிவுக்கு அவனே வந்தான். அந்த வயதில் கட்டாயப்படுத்தியிருந்தால் மாத்திரை தேயிலைச் செடிக்குள்தான் போயிருக்கும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் நண்பர்கள் அவனிடம் "படிக்கிற மாத்திரை" கேட்டார்கள். வேறொருவருக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம், இதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு ஆபத்தாகவும் முடியும் என்று அவனோடு முன்கூட்டியே பேசியிருந்ததால் மறுத்துவிட்டான். மருந்தை இப்போதும் பூட்டித்தான் வைக்கிறோம். மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடும் பிள்ளைகள் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாவது அதனால் கூடுவதில்லை. சிகிச்சை பெறாத பிள்ளைகளுக்குத்தான் விபத்து ஆபத்து அதிகம். பைக் பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், உரிமம் எடுக்கும் வயது வரும்வரை சாவி கிடையாது என்பதில் கணவர் உறுதியாக இருக்கிறார்.

கோயம்புத்தூர் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு வழி இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அது பார்க்கும் குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. குழு வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, நோட்டோடு போய் நில்லுங்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எங்கள் மகன் இன்னும் சிறிது காலத்தில் குழந்தை மனநல மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாற வேண்டும். அதற்காக ஒரு கோப்பைத் தயார்செய்துகொண்டிருக்கிறான்: முதல் மதிப்பீட்டு அறிக்கை, எந்த மருந்து எந்த அளவில் எப்போது கொடுக்கப்பட்டது, எதை ஏன் நிறுத்தினார்கள், உயரம் எடைக் குறிப்புகள், ஆசிரியை எழுதிய அந்தத் தாள். கல்லூரிக்கு எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊரில் எந்த மருந்துக்கடைக்கு எக்ஸ் அட்டவணை உரிமம் இருக்கிறது என்பதை விடுதியில் சேருவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் அவனே எழுதிவைத்திருக்கிறான்.